ஒன்றுக்கு இருபத்துநாலு

கார்த்திகைத் தீபத்துக்காகத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பத்தாம் நாளைக் குறி வைத்துத்தான் போகிறார்கள். நாம் சென்ற முறை ஏழாம் நாளே போய்ச் சேர்ந்துவிட்டோம். பக்தியின் மிகுதியால் அப்படிச் செய்தோம் என்று நேயர்கள் எண்ணி நம்மைப் பெருமைப்படுத்த வேண்டாம். பத்தாம் நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் கால் வைக்க இடம் இராது, அவ்வளவுதான் காரணம். ஆனால் முன்கூட்டிப் போனதில் ஒரு லாபம் கிடைத்தது. ஏழாம் நாள்தான் தேர்.

திருவண்ணாமலையில் தேர் என்றால் ஒரு தேர் அல்ல, ஐந்து தேர். விநாயகர், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து மூர்த்திகளும் காலை தொடங்கி இரவு வரையில் ஒருவர் பின் ஒருவராக மாட வீதிகளைச் சுற்றி வருகிறார்கள். அண்ணாமலையார் எழுந்தருளும் மகா ரதத்தின் உயரம் 59 அடி. 2024-ம் வருஷம் நவம்பரில் அதைப் பழுது பார்த்துப் புதுப்பித்து வெள்ளோட்டம் விட்டார்கள். அம்மன் தேரின் வடத்தைப் பெண்கள்தான் பிடிக்க வேண்டும். கடைசியில் வரும் சண்டிகேசுவரர் தேர் இருக்கிறதே, அது குழந்தைகளுடைய தேர். அதற்கு வடம் பிடிப்பவர்கள் சிறு பிள்ளைகள்.

நாம் தங்கியிருந்தது தேரடிக்குப் பக்கத்தில், ஒரு பழைய சிநேகிதர் வீட்டில். அவருடைய பையன் ஒன்பதாம் வகுப்பு வாசிக்கிறான். ஊரே வீதியில் இருக்கும்போது அவன் மட்டும் கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எதையோ முகர்ந்து பார்த்துக் கொண்டிருந்தான்.

"ஏண்டா, தேர் இழுக்கப் போகவில்லையா?" என்று கேட்டோம்.

"எங்கள் தேருக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மாமா. பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறேன். காய்ந்திருந்தால் வாசனை வராது" என்றான்.

அவன் முன்னால் ஒரு பலகையின்மேல் ஒரு லாரி நின்றது. நீளம் ஒரு முழங்கூட இல்லை. ஆனால் பலகையோடு தூக்கிக் கண் மட்டத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோமோ இல்லையோ, நமக்கு ஒரு கணம் திகைப்பாகவே போய்விட்டது. செங்கம் சாலையில் நம்மை நோக்கி வரும் நிஜ லாரியைப் பார்ப்பது போலவே இருந்தது.

இந்தப் பைத்தியம் அவனுக்கு எப்படிப் பிடித்தது என்பதை அவன் தாயார் நமக்குச் சொன்னார். அந்த அம்மாளுடைய தம்பி வெளிநாட்டில் இருக்கிறார். அவர் வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தார். பெட்டியின் மேல் படத்தில் பளபளவென்று ஒரு மோட்டார் கார். திறந்து பார்த்தால் காரைக் காணோம்! பிளாஸ்டிக் சட்டங்களில் காய்கள் மாதிரி ஒட்டிக் கொண்டு கதவு, கண்ணாடி, இஞ்சின், ஆசனம் எல்லாம் தனித்தனியாக இருந்தன. அவற்றைக் கத்தரித்து எடுத்து, பிசிறு சீவி, நீர்க்காகிதத்தால் தேய்த்து, வர்ணம் பூசி, ஒட்டிக் காராக்கிக் கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. "முழுக் கார் வாங்கக் கையில் பணம் இல்லையாக்கும், உதிரியாக வாங்கிவந்துவிட்டான்!" என்று வீட்டுத் தாத்தா சொன்னாராம்.

தாத்தா சொன்னது வேடிக்கையானாலும், உலகத்தில் இதற்கென்றே பெரிய வியாபாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1936-ம் வருஷத்திலேயே இவ்விதம் பிளாஸ்டிக் துண்டுகளாக ஆகாய விமானங்களைப் பெட்டியில் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் ஏ.எம்.டி. என்னும் கம்பெனி, 1948-ல் மோட்டார் வியாபாரிகளுக்காகச் சின்னக் கார்களைச் செய்து கொடுத்துக் கொண்டிருந்தது. தகப்பனார் விலை பேசும்போது பிள்ளை அழாமல் இருக்க வேண்டுமே, அதற்காக! அந்தக் கம்பெனி 1958-ல் ஒரு தந்திரம் செய்தது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டுவதற்குச் சாமான் வைத்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கட்டலாம். பந்தயக் காராகக் கட்டலாம். அல்லது தன் மனம் போனபடி மாற்றி அலங்கரித்துக் கட்டலாம். இந்த மூன்றாவதுதான் பிள்ளைகளைப் பிடித்துக் கொண்டது. ஜப்பானில் இன்று புகழ் பெற்றிருக்கும் டமியா கம்பெனியோ, 1946-ல் ஷிஸுவோகா நகரில் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கியது. மரத்தில் மாதிரிகள் செய்து, 1951-ல் நெருப்பு விபத்தில் எல்லாம் போய், பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியவர்கள் அவர்கள்.

நம் தேசத்துக்கு இந்த விளையாட்டு வேறு வழியில் வந்தது. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் டிங்கி பொம்மைக் கார்களின் அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. நிக்கி என்ற பெயரில் அங்கே கார்கள் வார்க்கப்பட்டன. ஆனால் அவை கட்டி முடித்த கார்கள். உருட்டலாம், கட்ட முடியாது. கட்டுகிற பெட்டிகளோ இன்றைக்கும் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்துதான் வருகின்றன. அவற்றுக்குள் இருப்பவையும் அயல்நாட்டுத் தெருக்களில் ஓடுகிற வண்டிகள். நம் ஊர் மணிலா மூட்டை ஏற்றும் லாரியை யார் பெட்டியில் போட்டு அனுப்பப் போகிறார்கள்? விலையும் சில ஆயிரம் ரூபாய்க்குக் குறைவதில்லை.

மாமா கொடுத்த காரைப் பையன் கட்டினான். கட்டும்போது இரண்டு தவறுகள் செய்தான். இரண்டுமே சொல்லத் தகுந்தவை. இந்தப் பெட்டிகளுக்கான பசை உண்மையில் பசை அல்ல. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும் திரவம். கை தவறிச் சொட்டிய இடத்தில் கூரை உருகிவிட்டது. அதற்குப் பயந்து கண்ணாடிகளை உடனே பிடிக்கும் பசையால் ஒட்டினான். அந்தப் பசையின் ஆவி பட்டுக் கண்ணாடி முழுவதும் பனி படர்ந்தாற்போல் வெளுத்தது. கண்ணாடிக்குச் சாதாரண வெள்ளைத் தச்சுப் பசைதான் ஏற்றது என்பதைப் பிற்பாடு தெரிந்து கொண்டான். பனி மூடிய அந்தக் கார் இப்போதும் அலமாரியில் இருக்கிறது.

அதைப் பார்த்துவிட்டுத் தாத்தா, "இது என்னடா கார்! நம்ம லாரியைச் செய், பார்க்கலாம்" என்றாராம். அங்கேதான் விஷயம் ஆரம்பம்.

தாத்தாவுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். 1968-ல் அவர் ஒரு லாரி வாங்கினார். சுற்று வட்டாரத்து மல்லாட்டையை மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்பித்தான் இரண்டு பெண்களுக்குக் கலியாணம் செய்தார். நம் சிநேகிதரைப் படிக்க வைத்தார். லாரி பல வருஷங்களுக்கு முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு புகைப்படம். ஆயுத பூஜையன்று எடுத்தது. வாழைக் கன்று, மாலை, சந்தனம், குங்குமம் எல்லாவற்றுக்கும் நடுவே லாரியும் கொஞ்சம் தெரிகிறது.

இல்லாத லாரியை எப்படி அளப்பது? பையன் செய்த காரியத்தை நாம் மெச்சாமல் இருக்க முடியவில்லை. தாத்தாவிடம் டயர் அளவு கேட்டான். மனைவி பிறந்த நாளை மறந்தாலும் டயர் அளவை மறக்காதவர்கள் லாரிக்காரர்கள். "ஒன்பது, இருபது" என்றார் உடனே. அந்த டயரை மாட்டினால் சக்கரத்தின் உயரம் சுமார் 40 அங்குலம். படம் நல்ல வேளையாகப் பக்கவாட்டில், தூரத்திலிருந்து எடுத்த படம். அதில் சக்கரம் 1 சென்டிமீட்டர். லாரி 7 சென்டிமீட்டர். ஆகவே லாரியின் நீளம் ஏழு நாற்பது, 280 அங்குலம். அதாவது 23 அடி 4 அங்குலம். சக்கரத்தை முழக்கோலாக வைத்துக் கதவின் அகலம், கேபினின் உயரம், பக்கப் பலகை ஒவ்வொன்றையும் இப்படியே கணக்கிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினான். கிட்டத்தில் நின்று எடுத்த படமாக இருந்தால் இந்தக் கணக்குச் செல்லாது. முன்னால் இருப்பது பெருத்தும் பின்னால் இருப்பது சிறுத்தும் ஏமாற்றிவிடும்.

பிறகு எல்லா அளவையும் 24-ஆல் வகுத்தான். மாதிரிக் கார்களுக்கு உலகெங்கும் வழங்கும் அளவுகளில் இது ஒன்று. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்றால் ஒன்றுக்கு இருபத்துநாலு ஆகிறது. லாரி பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. இதே கணக்கில் மகா ரதத்தைச் செய்தால் இரண்டரை அடிக்குள் அடங்கும். கூடத்து மூலையில் நிறுத்திக் கொள்ளலாம்!

நீளம் இப்படிக் குறைகிறது. எடை எப்படிக் குறைகிறது என்று நேயர்கள் யோசித்ததுண்டா? நாம் யோசித்ததில்லை; பையன்தான் சொன்னான். நீளம், அகலம், உயரம் மூன்றும் 24-ல் ஒரு பங்காகும்போது, அதே பொருளால் செய்ததானாலும், எடை 13,824-ல் ஒரு பங்காகிவிடுகிறது. பாரத்தோடு 10 டன் இருக்கிற லாரி முக்கால் கிலோ கூடத் தேறாது. அதனால்தான் கடைப் பொம்மைகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் காற்றில் மிதப்பவை போலத் தோன்றுகின்றன. பாரம் ஏற்றின லாரியின் டயர் தரையில் கொஞ்சம் நசுங்கும். வில்பட்டை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பொம்மையில் இவை தாமாக நடவா. ஆகையால் பையன் பழைய ரப்பர்ச் செருப்பில் வெட்டின டயர்களின் அடியை அரத்தால் சிறிது தட்டையாக்கினான். பின்பக்கத்தை ஒரு நூலளவு இறக்கினான். அவ்வளவுதான், லாரி பாரம் தாங்கி நின்றது.

மற்ற சாமான்கள் எல்லாம் ஊரிலேயே கிடைத்தவை. பெயர்ப் பலகை செய்யும் கடையில் கழித்துப் போடும் ஃபோம் பலகைத் துண்டுகள், அட்டை, தீர்ந்த பேனாவின் குழாய், குண்டூசி, பழைய கடிகாரத்தின் திருகு. தமிழ் நாட்டில் பல ஊர்களில் இதே ஃபோம் பலகையைக் கொண்டு தங்கள் ஊர் பஸ்களை எண்ணும் எழுத்தும் பிசகாமல் செய்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். நுங்குக் கூட்டில் குச்சி சொருகி வண்டி ஓட்டிய வம்சம் அல்லவா?

கொஞ்சம் நின்று, நிஜ லாரியைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்கப் பையன்கள் பெட்டிக் காரை இஷ்டப்படி மாற்றிக் கட்டுவதைப் பெரிய புதுமையாக எண்ணினார்கள். நம் தேசத்திலோ நிஜ லாரியே வெகு காலம் அப்படித்தான் இருந்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வருவது அடிச்சட்டம், இஞ்சின், முகப்பு, சக்கரம் இவ்வளவுதான். டிரைவர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வெயிலிலும் மழையிலும் அதை ஓட்டிக் கொண்டு வருவார். பிறகு நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் தச்சரும் கருமாரும் பெயிண்டரும் சேர்ந்து அதற்குக் கேபினும் பாடியும் கட்டுவார்கள். மரச் சட்டம் எங்கே வர வேண்டும், நெற்றியில் எந்தச் சாமி, கதவில் மயிலா தாமரையா, பின்னால் திருஷ்டிக்கு என்ன முகம் என்பதெல்லாம் சொந்தக்காரர் இஷ்டம். ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு லாரிகள் ஒன்று போல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த வழக்கம் இப்போது மாறி வருகிறது. பாடி கட்டுவதற்குச் சட்ட விதிகள் வந்துவிட்டன. 2025-ம் வருஷம் அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்றும் விதித்திருக்கிறார்கள். இஞ்சின் சூட்டில் வெந்து கொண்டு ஓட்டினவர்களுடைய கஷ்டம் தெரிந்தவர்கள் இதற்காகச் சந்தோஷப்படவே செய்வார்கள்; நாமும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் கேபின் தொழிற்சாலையிலிருந்தே முழுசாக வந்துவிடும்போது, பட்டறைத் தச்சர் கட்டின மரக் கேபின் போய்விடுகிறது. அது எப்படி இருந்தது என்பதற்கு அளவுப் படம் கிடையாது. தச்சருடைய கையில்தான் இருந்தது. ஓட்டினவருடைய நினைவில்தான் இருக்கிறது.

தாத்தாவின் நினைவில் இருந்ததைப் பேரன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஆசனத்தின் முதுகுப் பலகை செங்குத்து. சாய்ந்தால் தூக்கம் வரும் என்று தச்சரிடம் தாத்தாவே சொல்லி அப்படிப் போட வைத்தது. கிளீனர் உட்காரும் பக்கத்தில் தண்ணீர்ப் பானைக்கு ஒரு வளையம். இவை புகைப்படத்தில் தெரியாதவை. வீட்டில் நம் சிநேகிதருக்கே இவையெல்லாம் புதிய செய்திகள்! "அப்பா என்னிடம் இதையெல்லாம் சொன்னதில்லை" என்றார். "நீ கேட்டதில்லை" என்றார் தாத்தா.

ஒரு பெரிய தகராறு லாரியின் நெற்றிச் சின்னத்தைப் பற்றி வந்தது. படத்தில் அந்த இடத்தை மாலை மறைத்துவிட்டது. பையன் இன்றைய டாடா லாரிகளை மனத்தில் வைத்து 'டி' எழுத்தைச் செய்து ஒட்டிவிட்டான். தாத்தா பார்த்தார். "இது நம்ம லாரி இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக் கொண்டார். அவ்வளவு நாள் உழைப்பு! பையன் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு விசாரித்ததில் உண்மை விளங்கிற்று. டாடா கம்பெனி 1954-ல் ஜெர்மன் பென்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. அந்தக் கூட்டு 1969 வரையில் இருந்தது. அது வரைக்கும் லாரியின் முகத்தில் இருந்தது மூன்று முனை நட்சத்திரம். தாத்தாவின் லாரி 1968-ம் வருஷத்து லாரி அல்லவா? "நட்சத்திரம் வைத்த வண்டிடா அது. ராத்திரியிலே எதிரே வருகிற வண்டி வெளிச்சத்திலே மினுக்கும்" என்றார் தாத்தா. 'டி' பெயர்த்து எடுக்கப்பட்டது. குண்டூசி மூன்றை வெட்டி நட்சத்திரம் ஆயிற்று.

பெயிண்டு விஷயத்தில் கார்த்திகை மாதம் வஞ்சித்துவிட்டது. ஈரக் காற்றில் பூசிய பெயிண்டு வெகு சீக்கிரம் உலர்ந்தால் அதற்குள் ஈரம் சிக்கிக் கொண்டு பால் போல் வெளுக்கிறது. முதல் பூச்சு முழுவதும் அப்படி வெளுத்து, தேய்த்து எடுத்து, வெயில் அடித்த ஒரு நாள் பார்த்து மறுபடி பூசினான். நாம் போன அன்று அவன் முகர்ந்து பார்த்தது அந்த இரண்டாவது பூச்சைத்தான்.

நெற்றிப் பலகையில் எழுத்து எழுதியவள் அவனுடைய தங்கை. நாலு அங்குல எழுத்து நாலு மில்லிமீட்டராக வேண்டும். பையனுக்குக் கை நடுங்கிற்று. மார்கழிக் கோலத்தில் கம்பி இழை இழுத்துப் பழகின கை அவளுடையது. மூச்சை அடக்கிக் கொண்டு ஒரே அமர்வில் எழுதிவிட்டாள். மூட்டைகளுக்குக் கோணி கிழித்துப் பார்த்தார்கள். இந்த அளவில் கோணியின் இழை தேர் வடம் மாதிரி இருந்தது! ஆகவே தாத்தாவின் பழைய மல் வேட்டியில் ஒரு துண்டு காபி டிக்காக்ஷனில் நனைந்து கோணியாயிற்று. மல்லாட்டைக்குப் பதில் ரவை. தாயாருடைய ரவை டப்பா காலியானதையும், மறுநாள் லாரியில் எறும்பு வரிசை பாரம் இறக்கிக் கொண்டிருந்ததையும் நாம் விவரிக்கப் போவதில்லை.

"இதெல்லாம் பரீட்சைக்கு உதவுமா?" என்று அந்த அம்மாள் நம்மைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்விதான். நாம் நமக்குத் தெரிந்த ஒரு சங்கதியைச் சொன்னோம்.

அமெரிக்காவில் 1930-ம் வருஷம், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஃபிஷர் பாடி பிரிவு பையன்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கிப் போட்டி வைத்தது. முதலில் என்ன செய்யச் சொன்னார்கள் தெரியுமா? காரை அல்ல; தேரைத்தான்! நெப்போலியன் காலத்து ராஜ ரதம் ஒன்றைச் சின்ன அளவில் அப்படியே செய்ய வேண்டும். நான்கு பேருக்குத் தலைக்கு 5,000 டாலர் கல்லூரிப் படிப்புக்கு உதவித் தொகை. 1937 முதல் சொந்தக் கற்பனையில் கார் மாதிரி செய்யலாம் என்றார்கள். 1968 வரையில் அந்தப் போட்டி நடந்தது. 1947-ல் முதற் பரிசு வாங்கிய சார்லஸ் ஜார்டன் என்ற பையன், பிற்காலத்தில் அதே கம்பெனியில் கார்களின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பிரிவுக்கே தலைவரானார். ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: அந்தச் சங்கத்தில் பெண்களைச் சேர்க்கவில்லை. அம்மன் தேரைப் பெண்களே இழுக்கும் ஊரில் இதைச் சொன்னபோது தங்கைக்காரி, "அவர்களுக்கு எழுத்து யார் எழுதிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை.

விளையாட்டு வண்டியை நம் முன்னோர் அற்பமாக நினைத்ததாகவும் தெரியவில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று கால் சிறு தேர் உருட்டுகிறார்கள். பிள்ளைத்தமிழ் பாடும் புலவர்கள் சிறு தேருக்கென்று ஒரு பருவமே ஒதுக்கி, அதைக் கடைசியில் வைத்தார்கள். சூத்திரகர் எழுதிய சம்ஸ்கிருத நாடகத்தில் ஒரு குழந்தை, மண் வண்டி வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருந்த பொன் வண்டிதான் வேண்டும் என்று அழுகிறது. அந்த அழுகையிலிருந்து கதையே திரும்புகிறது. நம் சிநேகிதர் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறு. பெட்டியில் வந்த வண்டி அலமாரியில் இருக்கிறது. செருப்பும் அட்டையும் ரவையுமாகச் செய்த வண்டி தாத்தாவின் கட்டிலருகே போயிற்று.

இரவு சண்டிகேசுவரர் தேர் நகர்ந்தபோது அண்ணனும் தங்கையும் ஓடிப் போய் வடம் பிடித்தார்கள். நாமும் ஓரத்தில் நின்று பார்த்தோம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் பெயிண்டில் வாசனை இல்லை என்று நிச்சயப்படுத்திக் கொண்டு, லாரியைப் பலகையோடு தூக்கித் தாத்தாவின் முன் வைத்தான்.

தாத்தா எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டார். முன்னால் பார்த்தார், நட்சத்திரத்தை விரலால் தொட்டார். குனிந்து டயரைப் பார்த்தார். கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். வீட்டில் யாரும் பேசவில்லை. வெகு நேரம் கழித்து டிரைவர் பக்கத்துக் கதவைச் சுட்டிக் காட்டினார்.

"ரப்பர் ஹார்ன் எங்கேடா? இந்தக் கதவுக்கு வெளியே அல்லவா இருந்தது? நாலு அங்குலம் இருக்குமே அந்தப் பந்து!"

பையன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். நாலு அங்குலத்தை இருபத்துநாலால் வகுத்தான். "மிளகு!" என்றாள் தங்கை.

தாயார் எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்தார்.